நாலு லட்சம் கிலோமீட்டர் வண்டியும் வேலுவின் வலது காலும்

பேரிங் எப்படி மாற்றுவது, வால்வு எப்படி செட் பண்ணுவது என்றெல்லாம், மெக்கானிக் தொழில் பழகுகிற தம்பிகளா, நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்கள் கையில் போன் இருக்கிறது, வண்டியில் சொருகினால் கோளாறைச் சொல்கிற ஸ்கேனர் இருக்கிறது, என்னைவிடப் பொறுமையான ஆட்களும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது என் மானம் போன கதை. நாற்பத்தோரு வருடம் புதுச்சேரியில் டீசல் வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, போன வருடம் ஷட்டரை இறக்கியவன் நான். ஜெயித்த கதைகளும் கைவசம் நிறைய உண்டு. அவற்றைச் சொன்னால் கைதட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால் தோற்ற கதையைச் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருந்த சந்தில் எனக்குக் ‘காது மேஸ்திரி’ என்று பெயர். வண்டி முனை திரும்பும்போதே, அது இன்னும் கண்ணில் படுவதற்கு முன்பே, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். டீக்கடையில் உட்கார்ந்தபடியே, முதுகைத் திருப்பிக்கொண்டு, “வர்றது டெம்போ, சைலன்சர் கேஸ்கட் போயிருக்கு” என்பேன். வண்டி வரும். கேஸ்கட் போயிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே, அது சாராயத்தைவிட மோசம். இரண்டு தரம் குடித்தால் மூன்றாவது தரம் தானாகக் கை நீளும்.

இதில் எங்கள் சந்துக்கே உரிய ஓர் ஆட்டமும் இருந்தது. சத்தம் போடும் வண்டி உள்ளே நுழைந்தால் போதும், ஒடுக்கு எடுக்கிற டிங்கர், எலக்ட்ரீஷியன், டயர் கடைக்காரர் எல்லாரும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல வேண்டும். யார் சொன்னது சரியோ அவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். ஒரே ஒரு விதிதான். வண்டியை ஓட்டி வந்தவன் வாயைத் திறக்கக் கூடாது. அவன் ஏதாவது சொல்லிவிட்டால் துப்புக் கொடுத்த மாதிரி, ஆட்டம் செல்லாது. பரீட்சை ஹாலில் பையன்களை மிரட்டுகிற மாதிரி டிரைவர்களை மிரட்டி வைத்திருந்தோம். இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது எங்களுக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். டீக்கடை பெஞ்சில் நானும் மிசேவும் உட்கார்ந்திருந்தோம். மிசே என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர். அவருக்கும் மெக்கானிக் வேலைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் எங்கள் ஆட்டத்தில் அவர்தான் நடுவர். தீர்ப்பு சொன்னதும் ஒரு கையை உயர்த்தி “பினி” என்பார், முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

முனையில் ஒரு சத்தம் கேட்டது. கட கட கட என்று, ஆட்டுக்கல்லில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. நான் டீயை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தி, “பிக் எண்டு போயிடுச்சு” என்றேன். பிக் எண்டு என்றால் உங்களுக்குத் தெரியும், கனெக்டிங் ராடின் அடியில் இருக்கிற பேரிங். அது போனால் என்ஜினை முழுக்க இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான். வேறு வழியில்லை.

சத்தத்துக்குப் பின்னால் வண்டி வந்தது. வைத்திக்குப்பத்து வேலுவின் பிக்-அப். நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. ஸ்கேனர் சொருகுவதற்கு ஓட்டைகூட இல்லாத பழைய மாடல். ஐஸும் மீனும் ஏற்றி ஏற்றி, பின்தட்டு முழுக்க உப்பில் அரித்துப் போயிருக்கும். வேலு ஓட்டுவான், அவன் மனைவி தனம் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். தனம்தான் மீன் ஏலம் எடுப்பவள், விற்பவள், பேசுபவள் எல்லாம். வேலு வாயில் இருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் என்றால் இரண்டு சிக்னல் தாண்ட வேண்டும்.

வழக்கம்போலக் கூட்டம் சேர்ந்தது. “ரேஸ் பண்ணு” என்றார் டிங்கர். வேலு ஆக்சிலேட்டரை மிதித்தான். சத்தம் கூடியது. “இன்னொரு தடவ ரேஸ் பண்ணு” என்றார் டயர் கடைக்காரர். உண்மையிலேயே பிக் எண்டு போன வண்டியை அப்படி மிதிக்கவே கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் என்ஜின் ஆயுசு குறையும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தீர்ப்பு என்னுடையது, அது பலமாகக் கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். எங்கள் வழக்கப்படி நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை என்ஜின் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். உள்ளே இடி இடித்தது. பிளாக்கில் எங்கே வைத்தாலும் அதே இடி. எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி கேட்கிறதே, அப்படியென்றால் சத்தம் பிறக்கிற இடத்தில் நான் இன்னும் வைக்கவில்லையோ என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கும்போது அந்த ஒரு நிமிடம் கிடைக்காது பாருங்கள்.

அப்போது வேலு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மேஸ்திரி, ரெண்டு நாளா பிரேக்கு வேற...” என்று ஆரம்பித்தான்.

“ஏய், நீ பேசக்கூடாது” என்றார் டிங்கர்.

“இல்லண்ணே, கல்லு மாதிரி...”

“வேலு பேசிட்டான், ஆட்டம் செல்லாது” என்று டயர் கடைக்காரர் கை தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, “யப்பா, மாரடைப்பு வந்தவனத் தூக்கிட்டு வந்துட்டு, கால்ல ஆணி இருக்குதுங்கிறியே. மொதல்ல என்ஜினப் பாப்போம், பிரேக்க அப்புறம் பாக்கலாம்” என்றேன். நல்ல நக்கல் என்று எனக்கே தோன்றியது. கூட்டம் இன்னொரு முறை சிரித்தது. வேலு தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மிசே கையை உயர்த்தினார். “பினி.”

தனம் இறங்கி என்னிடம் வந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள், தலையில் பூ. அப்போதுதான் கவனித்தேன்.

“எத்தினி நாளு ஆவும்ணே?”

“எறக்கிப் பிரிச்சு, கிராங்க லேத்துக்கு அனுப்பி, திருப்பி மாட்டணும். பன்னெண்டு நாள்னு வச்சிக்க.”

“இன்னைக்கு பையனுக்கு நிச்சயம்ணே. பொண்ணு வூடு கனகசெட்டிக்குளம். மூணு மணிக்குத் தட்டு மாத்தணும். தட்டு, பழம், சொந்தக்காரப் பொம்பளைங்க எல்லாம் இதுலதான் போறதா இருக்கோம். இன்னைக்கு ஒரு நாளு மட்டும் தாங்குமா?”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இதுவரை நடந்தது தப்பான தீர்ப்பு. தப்பான தீர்ப்பு யாருக்கும் வரும். இனி நான் செய்தது வேறு. ஒரு தாயின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, தாராளமாக அனுமதி கொடுத்தேன். “நாப்பதுக்கு மேல போவாம மெதுவா ஓட்டச் சொல்லு. மிஞ்சிப்போனா என்ஜின் வழியில நின்னுடும். எப்படியும் பிரிக்கப்போற என்ஜின்தானே. ஆளுக்கு ஒண்ணும் ஆவாது” என்றேன்.

ஆளுக்கு ஒன்றும் ஆகாது. நான்தான் சொன்னேன், இதே வாயால்.

தனம் கும்பிட்டுவிட்டு ஏறினாள். வண்டி கடகடத்துக்கொண்டு போனது. டிங்கரும் டயர் கடைக்காரரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வேலு பேசிவிட்டதால் ஆட்டம் செல்லாது என்று எலக்ட்ரீஷியன் மட்டும் காசு போட மறுத்துவிட்டார்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். வீடு இரண்டு தெரு தள்ளி. கைகால் கழுவி, சட்டையைக் கழற்றிப் போட்டு, லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்தேன். மனைவி வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே காலைக் கதையை அவளுக்கு நடித்துக் காட்டினேன். எனக்கு அந்த வியாதியும் உண்டு. டிங்கர் குரலில் டிங்கர், மிசே மாதிரி கையைத் தூக்கி ‘பினி’, எல்லாம் செய்தேன். வேலுவின் முறை வந்தது. கண்ணை அகல வைத்துக்கொண்டு, அவன் மாதிரியே இழுத்து, “ரெண்டு நாளா பிரேக்கு வேற... கல்லு மாதிரி...” என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

“இன்னாங்க, முள்ளு மாட்டிக்கிச்சா?”

வேலு சொன்னதை நான் சரியாகக் கேட்டது அப்போதுதான், அதுவும் என் வாய் வழியாக. பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது. என்ஜினில் கட கட சத்தம். இரண்டும் இரண்டு நாளாக. அந்த மாடல் பிக்-அப்பில் இரண்டையும் சேர்க்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் வாலில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிற வேக்குவம் பம்ப். அது காற்றை உறிஞ்சிக் கொடுப்பதால்தான் பிரேக் பெடலை லேசாக மிதித்தாலும் வண்டி நிற்கிறது. அது உள்ளே உடைந்தால் முதலில் சத்தம் வரும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் பிளாக்கில்தான் போல்ட் போட்டிருக்கிறது, அதனால் பிளாக் முழுக்க இடிக்கும். பிறகு பெடல் கல்லாகும். ஏறி நின்று மிதித்தால்தான் கொஞ்சமாவது பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் தட்டோடும் பெண்களோடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகச் சொல்லி நான் அனுப்பியிருக்கிறேன், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி.

தனத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் போன் எங்கே கேட்கும்? இன்னொரு தரம் போட்டேன். எடுக்கவில்லை. கை கழுவினேனா என்றுகூட நினைவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், லுங்கி பனியனோடு. பின்னால் மனைவி ஏதோ கேட்டாள்.

வைத்திக்குப்பத்துக்குப் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். பூட்டியிருந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், “அவங்க போயி அஞ்சு நிமிஷம் ஆவுது, பொம்பளைங்க பதினாறு பேரு பின்னால ஏறினாங்க” என்றார். பதினாறு. அந்த எண்ணிக்கையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவர். கோட்டக்குப்பம் போய்ச் சேரும் வரை அந்த எண்தான் தலைக்குள் ஓடியது. ஜெபமாலையில் ஒரு மணியைக்கூட ஒழுங்காக உருட்டாதவன் நான், அன்றைக்கு அந்த ரோட்டில் எத்தனை அருள் நிறை மரியே சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நல்லவேளையாக ரோட்டில் எங்கேயும் கூட்டம் கூடி நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

காலாப்பட்டுக்கு முன்னால், நேர் ரோட்டில், தூரத்தில் பின்தட்டு நிறைய கலர் கலராகப் புடவைகள் தெரிந்தன. நாற்பதுக்கு மேல் போகாதே என்று சொன்னதை வேலு அட்சரம் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டு போனான். அதனால்தான் என்னால் எட்டிப் பிடிக்க முடிந்தது. நான் சொன்னதில் உருப்படியான ஒரே வார்த்தை அதுதான்.

நெருங்கும்போது பார்க்கிறேன், அவனுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் போலீஸ் வைத்த இரும்புத் தடுப்புகள், ரோட்டில் வளைந்து வளைந்து போக வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைக் கடக்கிறார்கள்.

வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து, ‘நிறுத்து நிறுத்து’ என்று கத்த வேண்டும் என்றுதான் உடம்பு துடித்தது. யாருக்குமே அதுதான் தோன்றும். அப்படிச் செய்திருந்தால் வேலு பதறிப்போய் பிரேக்கை மிதித்திருப்பான். இல்லாத பிரேக்கை. அது பிடிக்காதபோது ஸ்டியரிங்கை ஒடித்திருப்பான். பின்னால் பதினாறு பேரும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் சத்தத்தைக் கேட்டு அவசரப்பட்டவன், மதியம் பயத்தில் அவசரப்படக் கூடாது என்று எப்படியோ புத்தி வேலை செய்தது. இடது பக்கம் மண்ணில் இறங்கி, தனம் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை விட்டேன். பனியனோடு என்னைப் பார்த்து அவள் திகைத்துப் போனாள்.

“அண்ணே? நீங்க எங்க இங்க?”

“நிச்சயத்துக்குத்தான். வேலுகிட்ட சொல்லு, பிரேக்குல கால் வைக்க வேணாம். ஆக்சிலேட்டர விட்டுட்டு, கியரக் கொறச்சிக்கிட்டே வரட்டும். மூணு. அப்புறம் ரெண்டு.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு அவளுக்கு இன்று வரை நான் நன்றி சொல்கிறேன். அப்படியே திரும்பி அவனிடம் சொன்னாள். வேலுவும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது கியர் விழுந்தது, என்ஜின் உறுமியது, வண்டி தயங்கியது. இரண்டாவது விழுந்தது. பின்னால் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, “யோவ், பாத்து” என்றார்கள்.

“இப்ப லெஃப்ட்ல மண்ணுல எறக்கு. ஹாண்ட் பிரேக்க ஒவ்வொரு பல்லா இழு. ஒரே இழுவையா இழுத்துடாத.”

சவுக்குத் தோப்பு ஓரம், மணலில், பஸ்ஸை எட்ட இன்னும் ஒரு நாற்பதடி இருக்கும்போதே வண்டி நின்றது. ஒரு தட்டில் இருந்து தேங்காய் ஒன்று உருண்டு, பின்தட்டைத் தாண்டிக் கீழே விழுந்தது. அவ்வளவுதான் சேதம்.

நான் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு டிரைவர் பக்கம் போனேன். வேலு இறங்கி நின்றான். அவன் வலது கால் தொடையில் இருந்து பாதம் வரை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை.

“எப்பிலிருந்து இப்படி?” என்றேன்.

“முத்தியால்பேட்டை சிக்னல்லயே சுத்தமா போயிடுச்சு மேஸ்திரி. அங்கிருந்து எந்திரிச்சி நின்னு நின்னுதான் மிதிச்சிக்கிட்டு வரேன்.”

“ஏன்டா நிறுத்தல?”

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. “நீங்கதானே மேஸ்திரி பாத்துட்டு அனுப்பினீங்க. பிரேக்கு பெரிய விஷயம் இல்லன்னு சொன்னீங்க. நான் பேசவும் கூடாதுன்னுட்டாங்க.”

நாற்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு லாரி முதலாளி ஸ்பானரையே தூக்கி எறிந்திருக்கிறார். அதெல்லாம் உறைத்ததே இல்லை. இந்த வார்த்தை உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு பெண்கள் முன்னால், லுங்கி பனியனோடு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பு என்னுதுடா வேலு, மன்னிச்சிரு” என்றேன். அவன்தான் சங்கடப்பட்டு நெளிந்தான்.

தனத்துக்கு விஷயம் அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. அவள் பின்தட்டைப் பார்த்தாள், அங்கே அவளுடைய அம்மா, நாத்தனார், அக்கா மகள் கைக்குழந்தையோடு. பிறகு என்னைப் பார்த்தாள். “பதினாறு பேருண்ணே” என்றாள். திட்டியிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும்.

ஸ்கூட்டர் டிக்கியில் எப்போதும் நாலு ஸ்பானர் கிடக்கும். பானெட்டைத் திறந்து, ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றினேன். பெல்ட் இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சுற்றாது, அதன் வாலில் இருக்கிற பம்பும் சுற்றாது. வாட்டர் பம்பும் சுற்றாது என்பதால் பத்து விநாடிக்கு மேல் ஓட்டக் கூடாது. “ஸ்டார்ட் பண்ணு” என்றேன். வேலு சாவியைத் திருப்பினான்.

என்ஜின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. கட கட இல்லை. இடி இல்லை. நான் ‘பினி’ பண்ணிவிட்ட என்ஜின், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய என்ஜின், அப்படி ஓடியது.

“அடடே, சத்தமே காணோமே” என்றாள் தனத்தின் அம்மா. “அவ்ளோதானா? இதுக்கா பன்னெண்டு நாளு?”

அந்தப் பத்து விநாடி வேலையைக் காலையில் சந்தில் செய்திருக்கலாம். பத்து விநாடி. பெல்ட்டைக் கழற்றி மாட்டும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு டீ குடிக்கிற நேரம்.

ஆனால் மணி இரண்டே கால். நிச்சயத்துக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. தனம் பெண் வீட்டுக்குப் போன் போட்டாள். அவர்கள் இரண்டு ஷேர் ஆட்டோ அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆட்டோ வரும் வரை காத்திருந்தால் முக்கியமான தட்டு லேட்டாகிவிடும் என்று தனம், மாப்பிள்ளையின் பாட்டியான தன் அம்மாவை என் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றி, மஞ்சள் குங்குமத் தட்டை அவர் மடியில் வைத்து, “அண்ணே, நீங்க முன்னால போங்க” என்றாள். அது தண்டனையா, நம்பிக்கையா என்று எனக்கு இன்னும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டு முதல் ஆளாகக் கனகசெட்டிக்குளத்தில் போய் இறங்கியவன் நான்தான், கிரீஸ் கறை பனியனோடு. பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு, ஒரு கலர் சோடா பாட்டிலும் கையில் கொடுத்தார். பாட்டி திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. கலர் குடித்தேன், தொண்டை அப்படிக் காய்ந்திருந்தது. மூன்றே முக்காலுக்குத் தட்டு மாற்றினார்கள். நல்ல நேரம் நாலு வரைக்கும் இருந்ததாம்.

சாயங்காலம் சவுக்குத் தோப்பு ஓரத்திலேயே ஆல்டர்னேட்டரைக் கழற்றி, வேறு பம்போடு மாட்டிக் கொடுத்தேன். பழைய பம்பைப் பிரித்தால் உள்ளே தகடுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. எண்ணெய் வருகிற குழாய் அடைத்துக்கொண்டதால் தகடுகள் காய்ந்து உடைந்திருக்கின்றன. அந்தத் துண்டுகளை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சந்தில் எல்லாரும் கேட்டார்கள், வேலு வண்டி என்ன ஆச்சு, என்ஜினை இறக்கியாச்சா என்று. மழுப்பியிருக்கலாம். வேலு போய்ச் சொல்கிற ஆள் இல்லை. பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை யாரும் சிரிக்கவில்லை. டிங்கர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். “நான்தானே அவன மொதல்ல பேசாதன்னேன்” என்றார். மிசே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் கையை உயர்த்தவில்லை.

அதன்பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு நல்லவர்கள் இல்லை நாங்கள். விதியை மட்டும் மாற்றினோம். டீ முதலில் டிரைவருக்கு. அவன் டீ குடித்து முடிக்கும் வரை பானெட் திறக்கக் கூடாது, யாரும் தீர்ப்பு சொல்லவும் கூடாது. கையில் சூடாக டீ இருந்தால் எப்பேர்ப்பட்ட ஊமையும் நாலு வார்த்தை பேசுவான். வண்டி எங்கே நின்றது, எந்தக் குழியில் விழுந்தது, எந்த லைட் எரிந்து அணைந்தது, எல்லாம் வரும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். உங்கள் ஸ்கேனரும் எங்கள் சந்து மாதிரிதான், தம்பி. வண்டியைத்தான் பார்க்கும், ஓட்டுகிறவன் காலைப் பார்க்காது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடம் டீசல் என்ஜின் பக்கத்தில் நின்றால் காது என்ன ஆகும்? என்னுடைய இடது காது முக்கால்வாசி போய்விட்டது, வலது காதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. காது மேஸ்திரி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஷட்டரை இறக்குவதற்குச் சில மாதம் முன்னால் வேலு அதே பிக்-அப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். அதற்குள் அது ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதில் எந்த வித்தியாசமான சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. அவன் கையில் டீயைக் கொடுத்து, பெஞ்சில் உட்கார வைத்தேன். டிங்கரும் டயர் கடைக்காரரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். வேலு நிதானமாகக் குடித்தான். பாதி டம்ளரில் பேச ஆரம்பித்தான். வண்டி சூடானதும் ஆயில் லைட் மினுக்குகிறது, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரில் கால் வைத்தால் அடியில் இருந்து இடிக்கிறது, காலையில் ஆயில் குச்சியைத் துடைத்தால் துணியில் ஜிகினா மாதிரி பொடி மின்னுகிறது என்றான். டம்ளரைக் கீழே வைத்தான்.

“இந்த வாட்டி நெசமாவே பிக் எண்டு மேஸ்திரி” என்றான்.

நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடவில்லை. என்ஜினை இறக்கிப் பிரித்தோம். மூன்றாவது சிலிண்டரின் பேரிங் தேய்ந்து, செம்பு தெரிந்துகொண்டிருந்தது. மிசே பெஞ்சில் இருந்து எழுந்து வந்து அதைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் கையை உயர்த்தினார், வேலுவின் பக்கமாக.

விதி விதிதான். ஜெயித்தவனுக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். எலக்ட்ரீஷியன்கூட அன்றைக்குக் காசு போட்டார்.